கட்டி முடித்த வீட்டில் கூடுதல் விளக்கு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

முப்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் கட்டப்பட்ட நடுத்தர வீடு ஒன்றின் சுவிட்ச் போர்டைப் பார்த்தாலே அந்தக் காலத்துக் கணக்கு விளங்கிவிடும். அறைக்கு ஒரு டியூப் லைட், ஒரு மின்விசிறி, இரவுக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு, ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று, அவ்வளவுதான். சமையலறையில் அந்த ஒற்றை டியூப் லைட் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்பதால் நறுக்குகிற காயின் மேல் நறுக்குபவரின் நிழலே விழும். மாடிப்படியின் திருப்பத்தில் வெளிச்சம் எட்டாது. வீட்டில் ஒருவருக்கு வயதாகிக் கண் மங்கத் தொடங்கியதும் இந்தக் குறைகள் எல்லாம் ஒரே நாளில் தெரிந்தது போல் தெரியவரும். அப்போது வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, இருக்கிற வயரிங் இதைத் தாங்குமா என்பது. விளக்குகளைப் பொறுத்தவரை இன்று அது ஏறக்குறைய தேவையற்ற கேள்வி என்பது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

தாங்குமா என்ற கணக்கை முதலில் முடித்துவிடுவோம். விளக்குச் சர்க்யூட்டுக்கு (ஒரே எம்.சி.பி.யின் கீழ் ஓடும் வயர் தொகுப்புக்கு) வழக்கமாக ஓடுவது 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், அது பத்து ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கும். அதன் தலையில் இருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்), 230 வோல்ட்டில் 1380 வாட் வரை அனுமதிக்கும். ஆயினும் விளக்கு, மின்விசிறி, சிறிய பிளக் பாயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட், இவற்றுள் எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்திக்கொள்வதே நம் நாட்டு நடைமுறை விதி. பழைய 40 வாட் டியூப் லைட், சோக்கையும் சேர்த்தால் ஐம்பது வாட்டுக்கு மேல் இழுத்தது. அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப்பைப் போட்டால், ஆறு விளக்குள்ள ஒரு சர்க்யூட்டில் 180 வாட்டுக்கு மேல் மிச்சமாகிறது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் பல்பே தந்துவிடுவதால், மிச்சமான அந்த அளவில் இருபது புது பல்புகள் எரியலாம். மின்கட்டணமும் முடிவைத் தீர்மானிக்கப் போவதில்லை: 12 வாட் விளக்கு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 3.6 யூனிட்தான் ஏறும்.

ஆகவே, வயர் சூடாகுமா என்பதை விட்டுவிட்டு, புதிய விளக்குக்கான ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) எங்கிருந்து வருகிறது, அதே சர்க்யூட்டின் நியூட்ரல் (அது திரும்பும் வயர்) அங்கே கிடைக்கிறதா, எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் வயர்) கிடைக்கிறதா, வயரும் வயரும் சேரும் ஜாயிண்ட் எங்கே உட்காரப் போகிறது என்று கேட்க வேண்டும். கீழே ஒப்பிடும் வழிகள் எல்லாம் இந்த நான்கிற்கும் தரும் பதிலில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. செலவும் அழகும் அதற்குப் பிறகுதான்.

வயரிங்கையே தொடாத வழி ஒன்று உண்டு. பீரோவுக்குள், அலமாரிக்குள், படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சார்ஜ் விளக்கே போதும். அதற்காகச் சுவரை உடைப்பது வீண். கேட் தூணில் சோலார் விளக்கும் இந்த வகையே. ஆனால் ஓரிரு ஆண்டில் அதன் பேட்டரி தளர்ந்து, மாலையில் எரிந்து நள்ளிரவுக்கு முன் அணைந்துவிடும் நிலைக்கு வரும் என்பதையும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலே இல்லாத நாட்களில் அதை நம்ப முடியாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பிளக்கில் செருகி எரியும் விளக்கும் ஏற்கத்தக்கதே. ஆனால் அதன் மெல்லிய வயரைச் சுவரில் ஆணியடித்து ஓட்டி, கதவு இடுக்கு வழியாக அடுத்த அறைக்குக் கொண்டு போய் நிரந்தரமாக்கிவிடும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்கவே நான் தயாராக இல்லை.

இரண்டாவது வழி, ஏற்கெனவே எரியும் விளக்குப் பாயிண்டிலிருந்தே இன்னொரு விளக்குக்கு வயர் இழுப்பது. ஹோல்டரிலோ கூரையில் வயர் இறங்கும் சீலிங் ரோஸிலோ ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே கிடைப்பதால், வயர்மேன் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மலிவும் இதுவே. நியூட்ரல் மாறிப்போகும் ஆபத்தும் இதில் இல்லை, ஏனெனில் இரண்டு வயரும் ஒரே விளக்கிலிருந்து வருகின்றன. குறை இரண்டு. பழைய விளக்கும் புதியதும் ஒரே சுவிட்ச்சில் சேர்ந்தே எரியும், சேர்ந்தே அணையும். சமையல் மேடைக்கு மட்டும் வெளிச்சம் வேண்டும் என்பவருக்கு இது உதவாது. அடுத்து, பழைய வீடுகளில் விளக்குப் பாயிண்டுக்கு எர்த் வயர் போடப்படாமல் இருப்பது சாதாரணம். பிளாஸ்டிக் உடல் கொண்ட பல்புக்கு அது குறையில்லை. உலோக உடல் கொண்ட சுவர் விளக்கோ சரவிளக்கோ மாட்டுவதானால் அது பெரிய குறை.

மூன்றாவது வழி, அருகிலுள்ள சுவிட்ச் போர்டிலிருந்து புதிய சுவிட்ச்சுடன் தனிப் பாயிண்ட் எடுப்பது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரியான வழி என்றாலும், தவறு நேரும் இடமும் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். போர்டில் பிளக் பாயிண்ட் ஒன்று இருந்தால் அங்கே ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இருக்க வேண்டும், வேலை எளிது. பிளக் இல்லாத, சுவிட்ச் மட்டுமே உள்ள போர்டில் நியூட்ரல் இல்லாமலும் போகலாம். அது மேலே ஜங்ஷன் பாக்ஸோடு விளக்குக்குத் திரும்பியிருக்கும். அப்போது அவசரக்கார வயர்மேன் பக்கத்து அறையின் போர்டிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்துக்கொள்வார். விளக்கு எரியும். ஆனால் அந்தப் பக்கத்து அறை வேறு சர்க்யூட்டைச் சேர்ந்ததாக இருந்தால், ஒரு சர்க்யூட்டின் ஃபேஸில் போகும் மின்சாரம் இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலில் திரும்பி வருகிறது. பிற்பாடு யாராவது அந்தப் பக்கத்து அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, இனி மின்சாரம் இல்லை என்று நம்பி நியூட்ரலைக் கழற்றினால், அதில் ஷாக் அடிக்கும். மூன்று ஃபேஸ் வீட்டில் வெவ்வேறு ஃபேஸ்களுக்கு ஒரே நியூட்ரலைப் பொதுவாக்கி, அது ஒருநாள் அறுந்தால், 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிகள் 400 வோல்ட்டுக்கு நடுவில் தொங்கும். எது முதலில் புகையும் என்பது அந்தந்த நேரத்து லோடைப் பொறுத்தது.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய மறுநாள் மாலை, போர்ட்டிகோ விளக்கைப் போட்டதும் வீடு முழுவதும் இருண்டது. மறுபடி ஏற்றினால் நிற்கும். அந்த விளக்கைப் போட்டால் மட்டும் விழும். ஆர்.சி.சி.பி.யைப் பொருத்தியவர் மீதுதான் முதலில் சந்தேகம் வந்தது. கடைசியில் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ கூடுதலாகப் போட்ட அந்த விளக்கின் ஃபேஸ் ஆர்.சி.சி.பி.க்குள்ளிருந்தும் நியூட்ரல் அதற்கு வெளியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும் கருவி அது. சமமில்லை என்றதும் தன் வேலையைச் செய்திருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கலும் சேரும். ஒரே சுவிட்ச் போர்டில் சில சுவிட்ச்சுகளுக்கு இன்வெர்ட்டர் லைனும் சிலவற்றுக்கு நேரடி லைனும் வந்திருக்கும். மெயினை அணைத்த மாத்திரத்தில் போர்டு பாதுகாப்பாகிவிட்டது என்று நினைத்துத் திறந்தால், இன்வெர்ட்டர் பக்கம் உயிரோடிருக்கும். இரண்டையும் அணைத்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். மின்வெட்டின்போதும் எரிய வேண்டிய விளக்கு என்றால் அந்த இன்வெர்ட்டர் சுவிட்ச்சிலிருந்தே ஃபேஸ் எடுக்கச் சொல்ல வேண்டும். மாடிப்படி விளக்கும் கழிவறை விளக்கும் நிச்சயம் அந்தப் பட்டியலில் வர வேண்டியவை.

போர்டிலிருந்து விளக்கு வரை வயர் எந்த வழியாகப் போகும் என்பது தனிக் கேள்வி. சுவருக்குள் ஏற்கெனவே புதைத்த பைப் இருந்து, அதில் இடமும் இருந்தால், கம்பி விட்டுப் புது வயரை இழுத்துவிடலாம், உடைப்பே இல்லை. ஆனால் முக்கால் அங்குலப் பைப்பில் ஏற்கெனவே ஐந்தாறு வயர்கள் இருந்தால் வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது, ஏனெனில் பழைய வயரின் மேலுறை உரசிக் கிழிவது வெளியே தெரியாது. கான்கிரீட் போடும்போது சிமெண்ட் பால் புகுந்து அடைத்துப்போன பைப்புகளும் உண்டு.

பைப் இல்லையென்றால் சுவரில் காடி வெட்டிப் புதைப்பதா, மேலாகப் பி.வி.சி. கேசிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுவதா என்பதுதான் வீட்டில் வாக்குவாதம் எழும் இடம். புதைத்தால் பார்வைக்கு அழகு. ஆனால் வயர்மேன் சொல்லும் பாயிண்ட் கூலியில் காடியை அடைக்கும் கொத்தனார் கூலியும், பட்டி பார்ப்பதும், பெயிண்ட் அடிப்பதும் சேர்ந்திருக்காது. பழைய சுவரில் ஒரு பட்டையை மட்டும் புதிதாக அடித்தால் நிறம் ஒருபோதும் ஒத்துப்போகாது என்பதால், ஒரு விளக்குக்காகத் தொடங்கிய வேலை முழுச் சுவர் பெயிண்டில் முடியும். மேலும், நாலரை அங்குலச் சுவரில் நீளமாகப் படுக்கைக் காடி வெட்டுவது சுவரைப் பலவீனப்படுத்தும். பாரம் தாங்கும் சுவரில் படுக்கைக் காடியின் ஆழம் தடிமனில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, செங்குத்துக் காடி மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். கூரைத் தளத்தில் காடி வெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் 20 மி.மீ. அளவே, அதை வெட்டினால் கம்பி வெளிப்பட்டு, துருப்பிடித்து, சில ஆண்டுகளில் காரை பெயர்ந்து தலையில் விழும். மெட்ராஸ் டெரஸ் எனப்படும், மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய பழைய கூரைகளில் வெட்டுவதற்கே இடமில்லை.

ஆகவே கேசிங்கை ஏழைவீட்டு வேலை என்று ஒதுக்க வேண்டியதில்லை. உத்தரத்தின் விளிம்பை ஒட்டி, கதவு நிலையின் ஓரமாக, சுவரும் கூரையும் சேரும் மூலையில் நேர்கோட்டில் ஓட்டி, சுவரின் நிறமே அடித்துவிட்டால் பத்து நாளில் கண் அதை மறந்துவிடும். பழுது வந்தால் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். வயர் எங்கே போகிறது என்பது தெரிவதால் படம் மாட்ட ஆணியடிப்பவர் தப்புவார். காடியா கேசிங்கா என்று என்னைக் கேட்டால், வீட்டுக்கு எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிற ஆண்டாக இருந்தால் காடி, இல்லையென்றால் கேசிங் என்பேன்.

நான்காவது வழி, டி.பி.யிலிருந்தே (எம்.சி.பி.க்கள் எல்லாம் இருக்கும் பெட்டி) தனி எம்.சி.பி.யுடன் புதிய சர்க்யூட். செலவும் வேலையும் அதிகம், ஆனால் நியூட்ரல் பற்றிய ஐயமே எழாது. நான்கைந்து விளக்குக்கு இது தேவைப்படாது. மூன்று சூழல்களில் மட்டும் இதைத் தவிர்க்கக் கூடாது. இருக்கும் சர்க்யூட்டில் ஏற்கெனவே பத்துப் பாயிண்ட் நிறைந்திருப்பது முதலாவது. கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு இருபது டவுன்லைட்டும் ஸ்ட்ரிப் லைட்டும் வைப்பது இரண்டாவது. இங்கே வாட் குறைவாக இருந்தாலும், எல்லா எல்.இ.டி. டிரைவர்களும் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) போட்ட கணத்தில் ஒருசேர அதிக மின்சாரத்தை இழுப்பதால், குறித்த அளவின் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே விழுந்துவிடும் பி வகை எம்.சி.பி. காரணமில்லாமல் விழுவது போல் தோன்றும். விளக்குகளை இரண்டு மூன்று சுவிட்ச்சாகப் பிரித்தாலோ, ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும் சி வகையைப் போட்டாலோ அது தீரும். மூன்றாவது, வெளிப்புற விளக்குகள். காம்பவுண்ட் சுவரிலும் தோட்டத்திலும் மழைநீர் இறங்கும், தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐ.பி. 65 தரமுள்ள விளக்கையே வாங்கினாலும் ஜாயிண்டில் ஈரம் புகுந்தால் ஆர்.சி.சி.பி. விழும். அதை வீட்டுக்குள்ளிருக்கும் விளக்குகளோடு சேர்த்திருந்தால், ஐப்பசி மழை இரவில் கேட் விளக்குக்காக வீடே இருளில் கிடக்கும். தனி சர்க்யூட்டும் அதற்கெனத் தனி ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டுத் தூங்கலாம்.

அண்மையில் ஐந்தாவது வழி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. விளக்கின் அருகே ரிசீவர் ஒன்றை வைத்து, சுவிட்ச்சை மட்டும் வயரில்லாமல் வேண்டிய சுவரில் ஒட்டிக்கொள்வது. இதில் பேட்டரியே இல்லாத, அழுத்தும் விசையிலிருந்தே சமிக்ஞைக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் சுவிட்ச்சுகளும் வருகின்றன. மாடிப்படிக்கு மேலும் கீழும் டூ வே சுவிட்ச் வைக்க வேண்டுமென்றால் வழக்கமான முறையில் இரண்டு மாடிக்கும் இடையே வயர் ஓட்டியாக வேண்டும். அந்த ஒரு வேலைக்கு இந்த வயரில்லாச் சுவிட்ச் மிகப் பொருத்தம். ஆனால் விளக்குக்குப் போகும் ஃபேஸும் நியூட்ரலும் அப்போதும் தேவைதான் என்பதையும், போர்டுக்குள் பொருத்தும் வைஃபை சுவிட்ச் மாடல்கள் பலவற்றுக்குப் போர்டிலேயே நியூட்ரல் வேண்டும் என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை ஒரு வீட்டில் இடம் இடமாகப் பொருத்திப் பார்த்தால், சமையல் மேடைக்கு அங்கேயே மிக்ஸி பிளக் இருக்கும் போர்டிலிருந்து தனிச் சுவிட்ச்சுடன், மேல் அலமாரியின் அடியில் எல்.இ.டி. பட்டை விளக்கு, கேசிங் அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடும். 16 ஆம்பியர் பவர் பிளக் அருகில் இருக்கிறதே என்று அதிலிருந்து விளக்குக்கு ஃபேஸ் எடுக்கக் கூடாது. அந்த வயருக்கு மேலே உள்ள எம்.சி.பி. பெரியது, விளக்கின் மெல்லிய வயர் எரிந்தாலும் அது விழாது. படிக்கட்டுக்குக் கீழ்த்தள சுவிட்ச் போர்டிலிருந்து இழுத்த வயரும் வயரில்லாச் சுவிட்ச்சும். போர்ட்டிகோவுக்கும் கேட்டுக்கும் தனி சர்க்யூட். பூஜையறைக்குப் பெரும்பாலும் புதிய பாயிண்டே தேவைப்படாது. இருக்கும் பாயிண்டில் விளக்கை மாற்றினாலே போதும்.

இத்தனையும் செம்பு வயர் ஓடிய வீட்டுக்குச் சொன்னது. 1970, 80-களில் கட்டிய வீடுகள் பலவற்றில் அலுமினிய வயர் ஓடியிருக்கிறது. அதற்கும் முந்தியவற்றில் தேக்குப் பட்டையின் மேல் கிளிப் அடித்த வயரிங்கும் பீங்கான் ஃப்யூஸ் கட்டையும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அலுமினியத்தின் மேல் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால், இரு உலோகங்களுக்கு இடையே அரிப்பு ஏற்பட்டு, ஆக்சைடு படிந்து, அந்த ஜாயிண்ட் நாளடைவில் சூடேறும். லோடு எவ்வளவு சிறிதாயினும் ஜாயிண்ட் தளரத்தான் செய்யும். தொட்டால் மேலுறை உதிர்கிற வயரில் எந்தப் புதுப் பாயிண்டும் எடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் விளக்கைப் பற்றிய ஒப்பீடே பொருளற்றது. பழைய சர்க்யூட்டை அப்படியே விட்டுவிட்டு, புதிய டி.பி. ஒன்றிலிருந்து கேசிங்கில் புதிய வயரிங்கைத் தொடங்கி, அறை அறையாக மாற்றிக்கொண்டு போவதே வழி.

வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் கொடுக்கும்போது, எத்தனை பாயிண்ட் என்று பேசுவதோடு நில்லாமல், எந்த எம்.சி.பி.யை அணைத்தால் இந்தப் புது விளக்கு அணையும் என்று கேட்கலாம். முடிந்ததும் அதை அவர் முன்னாலேயே அணைத்துப் பார்க்கலாம். டெஸ்டரை மட்டும் நம்பிப் பார்ப்பவரிடம் டெஸ்ட் லாம்ப் (இரண்டு வயரில் மாட்டிய பல்பு) வைத்தும் பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்பதைக் காட்டுமே தவிர நியூட்ரல் உறுதியாக இருக்கிறதா என்பதைக் காட்டாது. சுவிட்ச்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிர்ந்தால் பல்பில் குறை என்று மாற்றிக்கொண்டே இராமல், சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சுவிட்ச்சில் எரியும் சின்ன இண்டிகேட்டராலும் அப்படி ஒளிரலாம். ஃபேஸுக்குச் சிவப்போ மஞ்சளோ நீலமோ, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்ற நிறங்களை, கையில் மிஞ்சிய வயரைக் கொண்டு மாற்றாமல் போட வேண்டும். காடியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, டி.பி.யின் மூடிக்குப் பின்னால் எந்த எம்.சி.பி. எந்த விளக்குக்கு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.